கெர்னலை மாற்றுமுன் அறிகுறியைப் பாருங்கள்: லினக்ஸ் ஒலிப்பதிவில் வரும் கோளாறுகளும் திருத்தமும்

“அண்ணா, ஆர்டி கெர்னல் போட்டா இந்தச் சத்தம் போயிடுமா?” வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டு அறையொன்றில் லினக்ஸ் வைத்து ரெக்கோடிங் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ‘போகாது’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கெர்னல் என்பது வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று வேலைகளைப் பங்கிடும் லினக்ஸின் மையப் பகுதி. ஆர்டி என்றால் ‘ரியல்டைம்’, நேரம் தவறாமல் வேலை செய்ய அமைத்த கெர்னல். கெர்னலால் வரும் கோளாறு ஒரேயொரு வகை. அதற்குக் குறிப்பான அடையாளமும் உண்டு. மற்றவை பஃபர், அனுமதி, யூஎஸ்பி, சூடு, வயர் என்று வேறு இடங்களிலிருந்து வருபவை. அதனால் கீழே உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் பாருங்கள்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்குமுன்: இப்போது ஓடுவது எந்தக் கெர்னல்?

டெர்மினலைத் திறந்து ‘யுனேம் -வி’ என்று கொடுங்கள். வரும் வரியில் ‘ப்ரீஎம்ப்ட் ஆர்டி’ என்று இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ரியல்டைம் கெர்னல் இருக்கிறது. ‘ப்ரீஎம்ப்ட் டைனமிக்’ என்று இருந்தால், அந்தக் கெர்னலின் குணத்தை பூட் ஆகும்போதே மாற்றலாம். 5.12 பதிப்பில் வந்த வசதி இது. முன்பெல்லாம் இதற்காக வேறு கெர்னல் தேட வேண்டியிருந்தது. இப்போது பூட் வரியில், அதாவது கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில், ஒரு சொல் சேர்த்தால் போதும்.

‘ப்ரீஎம்ப்ட்’ என்பதன் விஷயம் இதுதான். கெர்னல் தன் உள்வேலை ஒன்றில் இருக்கும்போது, அவசரமான ஒலி வேலை வந்தால் கையிலிருப்பதை நிறுத்திவிட்டு இதைக் கவனிக்குமா, இல்லை முடித்துவிட்டுத்தான் வருமா? ‘நன்’ என்றால் முடித்துவிட்டுத்தான் வரும். சேர்வர்களுக்கு அது நல்லது. ‘வொலண்டரி’ என்றால் சில இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்கும். ‘ஃபுல்’ என்றால் கிட்டத்தட்ட எங்கும் விட்டுக்கொடுக்கும். 6.13இல் ‘லேஸி’ என்று இன்னொன்றும் சேர்ந்தது. ஒலிப்பதிவுக்கு வேண்டியது ‘ஃபுல்’. ஆர்டி அதற்கும் மேலே ஒரு படி.

எது இப்போது செயலில் இருக்கிறது என்று பார்க்க, ரூட் அனுமதியோடு ‘/சிஸ்/கெர்னல்/டீபக்/ஷெட்/ப்ரீஎம்ப்ட்’ கோப்பைத் திறவுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் நடப்பில் உள்ளது. இந்த விடையை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

“தட்டினது பிந்திக் கேக்குது”

வெடிப்பு இல்லை, கரகரப்பு இல்லை. கீபோர்டில் விரல் வைத்த பிறகு சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறது. இது கெர்னல் விஷயமே அல்ல, பஃபர் கணக்கு. பஃபர் என்பது ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்; அதில் உள்ள ஒவ்வொரு ஒலி அளவீடும் ஒரு ஃபிரேம்; செக்கனுக்கு எத்தனை அளவீடு என்பது சாம்பிள் வீதம். பஃபரில் உள்ள ஃபிரேம்களை சாம்பிள் வீதத்தால் வகுத்துப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 1024 ஃபிரேம் என்றால் 21.3 மில்லிசெக்கன். 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7, 64 என்றால் 1.3. மைக்கில் போய் ஹெட்போனில் திரும்பி வரும் முழுத் தாமதம் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர ஒன்றோ இரண்டோ, அதன் மேல் இன்டர்ஃபேஸின் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டியின்) சொந்த நேரம்.

ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுக்கும். மேடையில் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் தவில்காரரின் அடி உங்கள் காதுக்கு 9 மில்லிசெக்கன் பிந்தித்தான் வருகிறது; அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆகவே முழுத் தாமதம் 10 மில்லிசெக்கனுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். 32 ஃபிரேமுக்கு இறக்கிக் காட்டுவதில் ஒரு பெருமை இருக்கிறதே தவிர, பாட்டுக்கு அதனால் ஒன்றும் கூடிவிடாது.

பைப்வயர் (மென்பொருள்களுக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் சேவை) பாவிப்பவர்கள் கவனிக்க: அதன் இயல்பான பஃபர் 1024. நீங்கள் மாற்றாவிட்டால், எந்தக் கெர்னல் போட்டாலும் அந்த 21 மில்லிசெக்கன் அப்படியே இருக்கும். ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 க்ளொக்.ஃபோர்ஸ்-குவாண்டம் 128’ என்று கொடுத்துப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்ப 128க்குப் பதில் 0 கொடுங்கள். ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், அல்சாவை (கெர்னலின் சொந்த ஒலி அமைப்பை) நேரடியாகத் தெரிவு செய்தால் பஃபர் அளவை அங்கேயே மாற்றலாம்.

பாடகர் தன் குரலை ஹெட்போனில் கேட்பதுதான் தேவை என்றால், இன்டர்ஃபேஸில் உள்ள டிரெக்ட் மொனிட்டர் பட்டனை அழுத்துங்கள். குரல் கணினிக்குள் போகாமலே திரும்பும். பஃபர் 1024 இருந்தாலும் கவலையில்லை. புளூடூத் ஹெட்போன் வைத்துக்கொண்டு தாமதத்தைத் தேடாதீர்கள். அதன் தாமதம் சாதாரணமாக 100 மில்லிசெக்கனைத் தாண்டும். கெர்னலால் ஒன்றும் செய்ய முடியாது.

கேட்கும்போது சரி, ஆனால் பதிந்த டிராக் மற்றவற்றோடு சேரவில்லை என்றால் அது வேறு. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளை மாட்டி, ஆர்டோரின் ஓடியோ அமைப்பில் உள்ள அளவீட்டை ஓட்டுங்கள். வரும் எண்ணை அது தானாகவே கழித்துக்கொள்ளும். ஜாக் (பைப்வயருக்கு முந்திய ஒலிச் சேவை) பாவிப்பவர்களுக்கு ‘ஜாக்_ஐஓடிலே’ இதே வேலையைச் செய்யும்.

“பஃபரைக் குறைச்சா படபட எண்டு வெடிக்குது”

இதில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். கெர்னல் தேவைப்படும் ஆட்களும் இங்கேதான் இருக்கிறார்கள். கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

அந்த வெடிப்புக்குப் பெயர் எக்ஸ்ரன். இன்டர்ஃபேஸ் அடுத்த பஃபரைக் கேட்கும் நேரத்தில் கணினி அதை நிரப்பித் தரவில்லை, அவ்வளவுதான். ஏன் தரவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வேலை அதிகம்: பிளகின்கள் கணக்குப் போட்டு முடிக்கவே பஃபர் நேரம் போதவில்லை. மற்றது, வேலை கொஞ்சம்தான், ஆனால் தொடங்கவே பிந்திவிட்டது: அந்த நேரம் கெர்னலோ ஒரு டிரைவரோ வேறு எதையோ பிடித்து வைத்திருந்தது. முதலாவதுக்கு எந்தக் கெர்னலும் மருந்தில்லை. இரண்டாவதுக்குத்தான் கெர்னல்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இலகு. ‘பிடபிள்யூ-டொப்’ ஓட்டிக்கொண்டு பாட்டைப் பிளே பண்ணுங்கள். வலப் பக்கமாக உள்ள ‘இஆர்ஆர்’ என்ற நிரலில் எண் ஏறினால் எக்ஸ்ரன் நடக்கிறது. அதே திரையில் ‘பி/கியூ’ என்ற நிரல், பஃபர் நேரத்தில் எவ்வளவு பங்கு கணக்குப் போடுவதிலேயே போகிறது என்று காட்டும். ஆர்டோரில் மேலே டிஎஸ்பி என்று சதவீதம் தெரியும். அதுவும் இதே கதைதான்.

டிஎஸ்பி 80, 90 என்று நிற்கும்போது வெடித்தால் வேலைதான் அதிகம். பிளகின்களைக் குறையுங்கள், கனமான டிராக்கை ஃப்ரீஸ் பண்ணுங்கள், மிக்ஸிங் நேரம் பஃபரை 1024க்கு ஏற்றிவிடுங்கள். பதியும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024 என்று மாற்றி மாற்றி வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை. கூடவே சிபியூவின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் அமைப்பையும் பாருங்கள். ‘பவர்சேவ்’ இருந்தால் ‘பெர்ஃபோமன்ஸ்’ ஆக்குங்கள். பல லப்டொப்களில் இந்த ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டிஎஸ்பி 15, 20 என்று சும்மா இருக்கும்போதே வெடித்தால், தொடங்குவதுதான் பிந்துகிறது. அப்போதும் உடனே கெர்னலுக்கு ஓட வேண்டாம். முதலில் அனுமதி. உங்கள் பயனர் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமை எடுக்க அனுமதி இல்லையென்றால், ஆர்டி கெர்னல் போட்டாலும் உங்கள் ஓடியோ மென்பொருள் பிரவுசரோடு ஒரே வரிசையில்தான் நிற்கும். ‘யுலிமிட் -ஆர்’ கொடுங்கள். 0 வந்தால் அனுமதி இல்லை. 95 போல் ஒன்று வந்தால் சரி. டெபியனில் ‘ஜாக்டி2’ பொதியை ‘டிபிகேஜி-ரீகொன்ஃபிகர்’ மூலம் மறுபடி அமைத்தால் இந்தக் கேள்வியைக் கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு உங்களை ‘ஓடியோ’ குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்ச்சில் ‘ரியல்டைம்-பிரிவிலேஜஸ்’ என்ற பொதியும் ‘ரியல்டைம்’ என்ற குழுவும் உண்டு. குழுவில் சேர்த்த பிறகு லொக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இதைச் செய்யாமல் ‘ஒண்டும் மாறேல்ல’ என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

பைப்வயர் இந்த அனுமதி இல்லாமலும் ஆர்டிகிட் என்ற பின்னணிச் சேவை மூலம் கொஞ்சம் முன்னுரிமை வாங்கிக்கொள்ளும். ஆனால் அது தாழ்ந்த எண். அது ஏன் பிரச்சினை என்பது அடுத்த பகுதியில்.

“டிஎஸ்பி குறைவு, அனுமதியும் சரி, ஆனாலும் வெடிக்குது”

சரி, இப்போது கெர்னலுக்கு வருவோம். மூன்று படிகள். ஒன்றைச் செய்து, ஒரு நாள் வேலை செய்து பார்த்து, போதாவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

முதற்படி: இருக்கும் கெர்னலே, பூட் வரியில் ‘ப்ரீஎம்ப்ட்=ஃபுல்’. உபுண்டு, டெபியனில் ‘/ஈடிசி/டிஃபோல்ட்/க்ரப்’ கோப்பைத் திறந்து, ‘க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபோல்ட்’ வரியின் (இது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்) மேற்கோளுக்குள் சேர்த்துவிட்டு ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேர்ந்ததா என்று ‘/ப்ரொக்/சிஎம்டிலைன்’ காட்டும்.

இரண்டாம் படி: அதே வரியில் ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’. ஒரு வன்பொருள் ‘என்னைக் கவனி’ என்று சிபியூவுக்கு அனுப்பும் அழைப்புத்தான் இன்டர்ரப்ட். அது வரும்போது அதன் வேலையைத் தனித்தனி த்ரெட்டாக (தனியாக வரிசைப்படுத்தக்கூடிய வேலையாக) ஓடவைக்கும் வசதி இது. 2011 முதல், 2.6.39 பதிப்பிலிருந்து, எல்லாக் கெர்னல்களிலும் இருக்கிறது. இதன் பயன், அந்த த்ரெட்களுக்கு நாம் வரிசை கொடுக்கலாம் என்பதுதான். வரிசை கொடுக்காவிட்டால் எல்லாம் 50 என்ற ஒரே முன்னுரிமையில் நிற்கும்: ஓடியோ இன்டர்ஃபேஸ், வைஃபை, டிஸ்க் எல்லாம் சமம். இங்கேதான் மேலே சொன்ன தாழ்ந்த எண் உதைக்கிறது. உங்கள் ஓடியோ மென்பொருள் 10இலோ 20இலோ ஓடினால், 50இல் நிற்கும் வைஃபை அதை மறித்துவிட்டு முன்னால் போகும். அனுமதியைச் சரி செய்யாமல் ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’ மட்டும் போட்டவர்களுக்கு நிலைமை முன்னைவிட மோசமாவது இதனால்தான்.

ருய் நுனோ கப்பேலா எழுதிய ‘ஆர்டிஐஆர்க்யூ’ என்ற சிறிய ஸ்கிரிப்ட் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும். ஓடியோ சாதனத்தின் இன்டர்ரப்ட் மேலே, 90இல். ஜாக் அல்லது பைப்வயர் அதற்குக் கீழே, 70, 80 அளவில். மற்றவை 50. யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்றால் மேலே ஏற்ற வேண்டியது ‘எக்ஸ்ஹெச்சிஐ’ என்று தொடங்கும் த்ரெட். ‘எஸ்என்டி’ என்று தொடங்குவது லப்டொப்பின் உள் சவுண்ட் கார்ட்.

உபுண்டுவின் பழைய ‘லோலேட்டன்சி’ கெர்னல் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். உபுண்டு ஸ்டூடியோ 24.10இலிருந்து சாதாரண ஜெனரிக் கெர்னலையே இந்த பூட் சொற்களோடு பாவிக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அந்தப் பொதியைத் தேடி அலைய வேண்டாம்.

250 ஹெர்ட்ஸா, 1000 ஹெர்ட்ஸா என்ற பழைய சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். கெர்னலின் டைமர் துடிப்பு அது. உயர்துல்லிய டைமர்கள் வந்த பிறகு அதன் பங்கு சிறியது. ஓடியோ மென்பொருளைத் தட்டி எழுப்புவது இன்டர்ஃபேஸின் இன்டர்ரப்ட், அல்லது பைப்வயரில் பெரும்பாலும் அந்த உயர்துல்லிய டைமர். இந்தத் துடிப்பு அல்ல. அதற்காக மட்டும் கெர்னல் கம்பைல் பண்ணப் புறப்படாதீர்கள்.

மூன்றாம் படி: ஆர்டி. இருபது வருடங்களுக்குக் கிட்ட வெளியே ஒட்டுப் பொதியாகவே இருந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி, 2024 நவம்பர் 17இல் வெளியான 6.12இல் தான் மூலக் கெர்னலுக்குள் வந்தது. அந்தச் செப்டெம்பரில் வியன்னா மாநாட்டில், ஆர்டி பணியை முன்னின்று நடத்திய தோமஸ் க்ளைக்ஸ்னர் அதற்கான கோரிக்கையைத் தங்க நிறப் பேப்பரில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தாராம். இத்தனை காலம் காத்திருந்தவர்களுக்கு அந்தச் செல்லம் தகும். ஆனால் ‘உள்ளே வந்துவிட்டது’ என்றால் உங்கள் 6.12 கெர்னலில் அது இயங்குகிறது என்று பொருளல்ல. கட்டும்போதே தெரிவு செய்ய வேண்டிய விஷயம் அது. பூட் வரியில் எழுதி வாங்க முடியாது. டெபியனில் ‘லினக்ஸ்-இமேஜ்-ஆர்டி-ஏஎம்டி64’ பொதியை நிறுவுங்கள். ஆர்ச்சில் ‘லினக்ஸ்-ஆர்டி’. உபுண்டுவில் உபுண்டு ப்ரோ வழியாக வரும். சொந்தப் பாவனைக்கு ஐந்து கணினிகள் வரை காசில்லை.

ஆர்டி கெர்னலை வேகமான கெர்னல் என்று நினைத்துப் போடுபவர்கள் ஏமாறுவார்கள். மொத்த வேலைத்திறன் கொஞ்சம் குறையத்தான் செய்யும். டிஎஸ்பி சதவீதம் சற்று ஏறவும் கூடும். அது தருவது, மோசமான நேரத்திலும் தாமதம் ஓர் எல்லையைத் தாண்டாது என்ற உறுதி. 64 ஃபிரேமில் கிட்டார் ஆம்ப் பிளகின் வைத்து வாசிப்பவருக்கும், மேடையில் நேரடியாகக் கணினி ஊடாக வாசிப்பவருக்கும் அது பெரிய விஷயம். 256இல் பஜனைக் குழுவைப் பதிபவருக்கு முதல் இரண்டு படிகளே தாராளம்.

அளந்து பார்க்க: ‘ஆர்டி-டெஸ்ட்ஸ்’ பொதியில் ‘சைக்ளிக்டெஸ்ட்’ இருக்கிறது. அதை 80 முன்னுரிமையில், எல்லா சிபியூவிலும் ஓடவிட்டு, கூடவே பிரவுசர், கோப்புப் பிரதி, வீடியோ என்று கணினியை நன்றாக வேலை வாங்குங்கள். அரை மணி நேரமாவது விடுங்கள். ‘மெக்ஸ்’ நிரலில் வருவது மைக்ரோசெக்கன். 64 ஃபிரேம் பஃபர் என்றால் உங்களிடம் இருப்பது மொத்தம் 1333 மைக்ரோசெக்கன். மெக்ஸ் 100, 200 என்று நின்றால் கெர்னல் குற்றவாளி அல்ல, வேறு இடத்தில் தேடுங்கள். 2000, 3000 என்று பாய்ந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு பொறி இருக்கிறது. சைக்ளிக்டெஸ்ட் ஓடும்போது சிபியூவை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் அதுவே தடுத்துவிடும். அதனால் எண்கள் உண்மையைவிட அழகாகத் தெரியும். ‘--டிஃபோல்ட்-சிஸ்டம்’ என்று சேர்த்து ஓட்டினால் அந்தத் தலையீடு இருக்காது. இதையே ஒரு சோதனையாகவும் பாவிக்கலாம்: சைக்ளிக்டெஸ்ட் சாதாரணமாக ஓடும்போது எக்ஸ்ரன் நின்று, அதை நிறுத்தியதும் மறுபடி வந்தால், காரணம் சிபியூவின் தூக்க நிலைகள்தான். பயோஸில் சி-ஸ்டேட்களைக் குறையுங்கள், அல்லது பூட் வரியில் ‘ப்ரொசெசர்.மெக்ஸ்_சிஸ்டேட்=1’ சேருங்கள். இன்டெல் என்றால் ‘இன்டெல்_ஐடில்.மெக்ஸ்_சிஸ்டேட்=1’ உம் வேண்டும். சூடும் பற்றரிச் செலவும் கூடும். வேலை முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

“ஆர்டி போட்டும் இடைக்கிடை ஒரு டிக்”

நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்காக வருகிறதா என்று கவனியுங்கள். ஒழுங்கு இருந்தால் அதற்கு ஒரு கடிகாரம் இருக்கிறது என்று அர்த்தம். வைஃபை சுற்றுவட்டாரத்தைத் தேடுவதுதான் முதல் சந்தேகம். வெள்ளவத்தை மாடிவீடுகளில் ஒரு அறைக்குள் எத்தனை ரவுட்டரின் சிக்னல் வருகிறது என்று பார்த்திருப்பீர்கள். ‘ஆர்எஃப்கில் ப்ளொக் ஓல்’ கொடுத்து வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. பதியும்போது அணைத்தே வையுங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால் ‘ஹெச்டபிள்யூலட்டிடெக்ட்’ ஓட்டுங்கள். மதர்போர்டின் ஃபேர்ம்வெயர் சில வேலைகளுக்காக, கெர்னலுக்குச் சொல்லாமலே சிபியூவைக் கொஞ்ச நேரம் பிடுங்கிக்கொள்ளும். எஸ்எம்ஐ என்று இதைச் சொல்வார்கள். கெர்னலுக்குக் கீழே நடப்பதால் எந்தக் கெர்னலாலும் தடுக்க முடியாது. பயோஸ் அப்டேட், பயோஸில் தேவையில்லாத யூஎஸ்பி லெகசி, மின்சேமிப்பு வசதிகளை அணைப்பது, இவைதான் வழி. சில லப்டொப்களில் இது தீரவே தீராது. அந்த லப்டொப்பில் 256ஐ வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பதுதான் நல்லது.

“அரை மணித்தியாலம் நல்லா இருக்கும், பிறகு தொடங்கும்”

கெர்னலை விட்டுவிட்டு லப்டொப்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கொழும்பில் ரெக்கோடிங் என்றால் ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் வேலை. காலி வீதி இரைச்சல் ஒரு பக்கம், கடற்கரை ரயில் ஒரு பக்கம், வேறு வழியில்லை. முப்பது பாகைக்கு மேல் இருக்கும் மூடிய அறையில் லப்டொப் சூடேறி, சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. முதலில் 30 ஆக இருந்த டிஎஸ்பி அதே பாட்டில் 70 ஆகிறது. ‘சென்சர்ஸ்’ கட்டளையில் வெப்பநிலையையும், டிஎஸ்பி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். தூசி தட்டுங்கள், அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள், ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஃபேனைப் போடுங்கள். டர்போவை (சிபியூ தற்காலிகமாக வேகம் கூட்டும் வசதியை) பயோஸில் அணைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. உச்ச வேகம் குறையும், ஆனால் இருக்கும் வேகம் நிலையாக இருக்கும்.

கரண்ட் போன நொடியில் வெடிக்கத் தொடங்கினால் அது இதன் தம்பி. லப்டொப் பற்றரிக்கு மாறியதும் மின்சேமிப்பு நிலைக்குப் போய்விடுகிறது. பவர் ப்ரொஃபைலை கையால் ‘பெர்ஃபோமன்ஸ்’ ஆக்குங்கள். பற்றரியில் அந்தத் தெரிவே காட்டாத லப்டொப் என்றால், இன்னொரு டேக் எடுக்காமல் சேமித்துவிட்டுக் காத்திருங்கள்.

“வேற ஏதும் யூஎஸ்பி குத்தினா வெடிக்குது”

ஓடியோ இன்டர்ஃபேஸும் வெளி டிஸ்க்கும் ஒரே யூஎஸ்பி கன்ட்ரோலரில் இருக்கின்றன. ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ கொடுத்தால் எது எதோடு தொங்குகிறது என்று மரமாகக் காட்டும். இன்டர்ஃபேஸை வேறு பக்கத்து யூஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஹப் வழியாகக் கொடுக்க வேண்டாம். குறிப்பாகப் புறக்கோட்டையில் வாங்கும் மலிவு ஹப் வேண்டவே வேண்டாம். ஜாக் பாவித்தால் பீரியட் (அடுத்தடுத்து நிரப்பும் பஃபர் துண்டு) எண்ணிக்கையை 2க்குப் பதில் 3 ஆக்குங்கள், யூஎஸ்பி சாதனங்களுக்கு அது ஒத்துவரும். கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், சிரிக்க வேண்டாம்.

“பாட்டு அடங்கின பிறகுதான் வெடிக்குது”

இது விசித்திரமாகத் தெரியும். எல்லா டிராக்கும் ஓடும்போது ஒன்றுமில்லை. கடைசி ரிவேர்ப் தேய்ந்து போகும் இடத்தில் டிஎஸ்பி திடீரென ஏறுகிறது. மிக மிகச் சிறிய எண்களைக் கணக்குப் போடும்போது சில சிபியூக்கள் பல மடங்கு மெதுவாகும். டீநோர்மல் என்று பெயர். ஆர்டோரின் விருப்பத்தேர்வுகளில் இவற்றைப் பூச்சியமாக்கும் தெரிவு உண்டு, அதைப் போடுங்கள். அப்படியும் வந்தால் எந்தப் பிளகின் என்று ஒவ்வொன்றாக அணைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

“முதல் எழுத்து வெட்டுப்படுது”

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிளே பண்ணினால் ஆரம்பம் வெட்டுப்படுகிறது, அல்லது ஸ்பீக்கரில் ‘டொப்’ என்கிறது. சாதனம் தூங்கிவிட்டது. பைப்வயரின் சாதனங்களை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பர், 5 செக்கன் சும்மா இருந்தால் சாதனத்தை நிறுத்திவைக்கும். அதன் அமைப்பில் ‘செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்’ என்பதை 0 ஆக்குங்கள். உள் சவுண்ட் கார்ட் என்றால் ‘எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல்’ மொடியூலின் ‘பவர்_சேவ்’ 0. யூஎஸ்பி என்றால் பூட் வரியில் ‘யூஎஸ்பிகோர்.ஓட்டோசஸ்பெண்ட்=-1’.

“உம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல்”

தொடர்ந்து ஒரே சுருதியில் இருந்தால் அது எக்ஸ்ரன் அல்ல. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இரைச்சலை ஸ்பெக்ட்ரத்தில் பாருங்கள்: 50, 100, 150 என்று கம்பு கம்பாக நின்றால் எர்த் பிரச்சினை. லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், போய்விட்டால் உறுதி. லப்டொப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுங்கள். இங்கே பழைய வீடுகளில் வட்டக் குண்டூசி சொக்கெட்டும் புதிய சதுர ப்ளக்கும் அடப்டரும் கலந்து கிடக்கும். நடுவில் எங்கோ எர்த் விடுபட்டிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் ஊசியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிர் அது.

“ஆர்டி போட்ட பிறகு திரை கறுப்பு”

பெரும்பாலும் என்விடியா. அவர்களுடைய மூடிய டிரைவர், ஆர்டி கெர்னலைக் கண்டால் நிறுவும்போதே கட்ட மறுத்துவிடும். அந்தச் சோதனையை ஒரு சூழல் மாறி மூலம் தாண்டலாம்தான், ஆனால் தாண்டிய பிறகு தாமத உறுதியும் இல்லை, ஆதரவும் இல்லை. ஓடியோவுக்கென்றே ஒரு கணினி எடுப்பதாக இருந்தால், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் கடை கடையாக ஏறும்போதே இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளதாகப் பாருங்கள். விலையும் குறையும்.

இப்போதைக்குத் திரும்பி வர: கணினியை மறுபடி போட்டு, க்ரப் பட்டியல் வராவிட்டால் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைத் தட்டி, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னலைத் தெரிவு செய்யுங்கள். இதனால்தான் ஆர்டி போட்டதும் பழையதை அழிக்கக் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பூட் ஆகிறது, ஆனால் வேறொரு டிரைவரையோ வேர்ச்சுவல்பொக்ஸையோ காணவில்லை என்றால், ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஆர்டி-ஏஎம்டி64’ போல அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் பொதியை நிறுவாமல் விட்டிருப்பீர்கள். நீங்களே கம்பைல் பண்ணிய கெர்னல் பூட்டே ஆகவில்லை என்றால் செக்யூர் பூட் அதைக் கையொப்பமில்லை என்று தள்ளியிருக்கும். சொந்தச் சாவியைப் பதிந்து கையொப்பமிடுங்கள், அல்லது பயோஸில் அதை அணையுங்கள்.

“போன கிழமை வரை சரியா இருந்தது”

அப்டேட் நடந்திருக்கிறது. தொடக்கத்தில் எழுதி வைத்த பேப்பரை எடுத்து, ‘யுனேம் -வி’ விடையையும் ‘/ப்ரொக்/சிஎம்டிலைன்’ வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய கெர்னல் வந்து, ஆர்டிக்குப் பதில் சாதாரணம் பூட் ஆகியிருக்கலாம்; ‘ப்ரீஎம்ப்ட்=ஃபுல்’ காணாமல் போயிருக்கலாம். க்ரப் பட்டியலிலிருந்து பழைய பதிப்பை எடுத்து ஒரு பாட்டைப் பிளே பண்ணுங்கள். பழையதில் சரி, புதியதில் இல்லை என்றால் அந்தப் பதிப்பைத் தவிர்த்து அடுத்தது வரும்வரை பழையதிலேயே இருங்கள். இரண்டிலும் வெடித்தால் கெர்னல் அல்ல. அதே நாளில் பைப்வயரோ ஒரு பிளகினோ மாறியிருக்கும். ஆல்பம் ஒன்றின் நடுவில் இருக்கும்போது, கடைசி டேக் முடியும்வரை கெர்னல் பொதியை ‘ஏபிடி-மார்க் ஹோல்ட்’ போட்டு நிறுத்தி வைத்துவிடுங்கள்.